செட்டில் பழுது இல்லை

தமிழ்நாட்டின் தனியார் பண்பலை நிலையங்களில் விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். ஆண்டிபட்டியில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. முப்பத்தைந்து வருடமாக இதே தொழில்தான். உங்களால் எனக்குக் கொஞ்சம் வருமானம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எப்படி என்றால், மாதத்துக்கு மூன்று நான்கு பேர் நல்ல ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார்கள். “அண்ணே, இதுல கோடை ஸ்டேஷன் கணீர்னு எடுக்குது. மதுரை ஸ்டேஷன்தான் எடுக்க மாட்டேங்குது. என்னான்னு பாருங்க” என்பார்கள். கோடை என்றால் கொடைக்கானல் வானொலி. திறந்து பார்ப்பேன். ஒரு குறையும் இருக்காது. “செட்டு நல்லா இருக்கு, அந்த ஸ்டேஷன் இங்க வராதுப்பா” என்று சொன்னால் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். “சுத்துப்பட்டு மாவட்டம் பூராவும் கேக்கும்னு போர்டு வச்சிருக்கான், நீங்க என்ன இப்படிச் சொல்றீங்க?” அச்சடித்த போர்டுக்கு முன்னால் மெக்கானிக் பேச்சு எடுபடுமா? சில நாள் நானும் வாயை மூடிக்கொண்டு தூசியைத் தட்டி, ஏரியலைத் துடைத்து, ஸ்டீரியோ சுவிட்சை மோனோவுக்குத் தள்ளி, முப்பது ரூபாய் வாங்கியிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே ஒலியாக வரும் மோனோவில் இரைச்சல் குறையும் என்பதால் அது முழுப் பொய்யும் இல்லை. ஆனாலும் அந்த முப்பது ரூபாய் உறுத்தத்தான் செய்கிறது.

அதோடு போயிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் தீபாவளி நேரத்தில் என் மைத்துனரின் ஜவுளிக்கடைக்கு ஒரு நிலையத்திலிருந்து தம்பி ஒருவர் வந்தார். எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. சட்டையை உள்ளே விட்டு, சிரித்த முகமாக, மரியாதையாகப் பேசினார். கையில் பளபளப்பான ஒரு தாள். மதுரையை நடுவில் வைத்து ஒரு பெரிய வட்டம். வட்டத்துக்குள் ஆண்டிபட்டி இருந்தது, தேனி இருந்தது, மலை உச்சிகூட இருந்தது. கீழே ஒரு கிலோவாட் கணக்கு, பக்கத்தில் “பவர்ஃபுல் சிக்னல்” என்ற வார்த்தை. பத்து வினாடி விளம்பரம், ஒரு நாளைக்கு இத்தனை தடவை, பதினைந்து நாள். கடையின் ஒரு மாத வாடகைக்கு மேல் கொடுத்தார் மைத்துனர். விளம்பரம் ஒலிபரப்பானது உண்மை, ரசீதோடு பட்டியலும் வந்தது. ஆனால் “ரேடியோவுல கேட்டேன்” என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் கடைக்குள் வரவில்லை. மைத்துனராலேயே கடைக்குள் உட்கார்ந்து தன் விளம்பரத்தைக் கேட்க முடியவில்லை. “மாப்ள, என் செட்டு கெட்டுப்போச்சு போல” என்று அவரும் என்னிடம்தான் கொண்டுவந்தார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. காசு போட்டு விளம்பரம் கொடுத்தவரே, வட்டம் தப்பாக இருக்குமோ என்று நினைக்காமல், தன் செட்டைத்தான் சந்தேகப்படுகிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பாக்கெட் ரேடியோ, புது பேட்டரி, ஒரு நோட்டு. மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். காளவாசலில் சிக்னல் பிரமாதம், ஏரியலை மடக்கி வைத்தாலும் எடுத்தது. நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு குறையும் இல்லை. செக்கானூரணியில் ஏரியலை நீட்ட வேண்டியிருந்தது. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் பாட்டு கேட்டது, கூடவே ஒரு கரகரப்பு. மோனோவில் போட்டதும் கரகரப்பு அடங்கியது. பஸ் கணவாயில் ஏற ஏற மறுபடி தெளிவானது. மேட்டில் ஒரு வளைவில் காளவாசலில் கேட்ட மாதிரியே கேட்டது! அப்புறம் பஸ் இறங்க ஆரம்பித்தது. இரண்டு திருப்பம்தான். ஒரே இரைச்சல். ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஏரியலை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். தோராயமாக அறுபது கிலோமீட்டர் பயணத்தில் என் நோட்டில் எழுதியது ஏழு வரி. உங்கள் பளபளப்பான தாளைவிட அந்த ஏழு வரியில் விஷயம் அதிகம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பண்பலை அலை ஏறக்குறைய வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் போவது. அந்தக் கால இலங்கை வானொலி மத்திய அலையிலும் (மீடியம் வேவ்) வந்தது. அந்த அலை தரையை ஒட்டிப் போகும், உப்புத் தண்ணீர் மேலே என்றால் இன்னும் சுகமாகப் போகும். அதனால் இலங்கையிலிருந்து கடல் தாண்டி நம் தென்மாவட்ட டீக்கடைகளுக்கு வந்தது. இரவில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி இன்னும் தூரமும் போகும். உங்கள் அலைக்கு அந்த இரண்டு வழியும் கிடையாது. அதற்குப் பார்வை படும் இடம் வரைதான் பாதை, கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அவ்வளவுதான். சமதரையில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்க வேண்டும். 100 மீட்டர் உயரக் கோபுரம் என்றால் 41 கிலோமீட்டர். கேட்பவர் கையில் செட்டை 2 மீட்டர் உயரத்தில் பிடித்தால் இன்னொரு 6 சேரும். ஆக 47. அதற்கு மேல் ஒரேயடியாக நின்றுவிடாது, ஆனால் மளமளவென்று தேயும். நடுவில் மலை வந்தால் இந்தக் கணக்கும் செல்லாது.

கோடை பண்பலையைப் பாருங்கள். 100.5 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர். நகரத்து நிலையங்களும் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனால் அது நிற்கும் கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர். அதே கணக்கைப் போட்டால் 189 கிலோமீட்டர் வருகிறது. குன்றிலிட்ட விளக்கு என்று சும்மாவா சொன்னார்கள். எத்தனையோ மாவட்டத்தில் வயலிலும் செங்கல் சூளையிலும் அது கேட்கிறது. அதற்குக் காரணம் வாட் இல்லை, மலை. எங்கள் ஊருக்கு அது நேர் பார்வையில் இருக்கிறது. உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் கணவாய் மலை இருக்கிறது. வட்டம் போடும் காம்பஸுக்கு மலை தெரியாது.

சரி, அந்த கிலோவாட் கணக்குக்கு வருவோம். அதில் இரண்டு எண் உண்டு என்று உங்கள் இன்ஜினியருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியுமா என்பது சந்தேகம். டிரான்ஸ்மிட்டர் பெட்டியிலிருந்து கிளம்புவது ஒன்று. கேபிளில் கொஞ்சம் இழந்து, ஆன்டெனாவில் ஏறி, வெளியே பரவும்போது இருப்பது இன்னொன்று. ஆன்டெனா புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் அதே தண்ணீர் தூரம் போகிறதல்லவா, அந்த மாதிரி, வானத்துக்கும் தரைக்கும் வீணாகப் போவதைச் சுருக்கிப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதனால் 5 கிலோவாட் பெட்டி வெளியே 10 கிலோவாட் வேலை பார்க்கலாம். உரிமத்தில் அரசு வரம்பு போடுவது இந்த இரண்டாவது எண்ணுக்கு. 10 முதல் 20 லட்சம் மக்கள் உள்ள நகரம் பி வகை, 5 முதல் 15 கிலோவாட் வரை. 3 முதல் 10 லட்சம் என்றால் சி வகை, 3 முதல் 10 வரை. அதாவது உங்கள் “பவர்” உங்கள் சாமர்த்தியம் இல்லை, உங்கள் ஊர் ஜனத்தொகை.

அந்த வரம்புக்குள்ளேயே ஒருவர் 5 வைத்து இன்னொருவர் 15 வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மடங்கு வாட். ஆனால் கேட்பவரின் ஏரியலில் விழும் மின்புலம், அதாவது சிக்னலின் வலு, ஒன்றே முக்கால் மடங்குதான் ஆகும். மின்புலம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் வாட் நான்கு மடங்காக வேண்டும். மின்சார பில் மட்டும் வஞ்சனை இல்லாமல் வாட்டுக்கு வாட் ஏறும். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு 5ம் ஒன்றுதான், 15ம் ஒன்றுதான்.

இன்னொரு விஷயம்தான் எனக்குச் சிரிப்பை வரவழைப்பது. 2005இல் அரசு கொண்டுவந்த இரண்டாம் கட்டக் கொள்கையில், ஒரு நகரத்தின் தனியார் நிலையங்கள் எல்லாம் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று விதி வைத்தார்கள். பல நகரங்களில் அது, அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதியின் கோபுரம். நாலு நிலையத்தின் சிக்னலையும் ஒரு கருவியில் ஒன்றாகச் சேர்த்து, ஒரே ஆன்டெனாவில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதே உயரம், அதே ஆன்டெனா, ஏறக்குறைய அதே திறன். ஒரே அடுப்பில், ஒரே கரியில் சுட்ட தோசை. இதில் ஒரு நிலையத்துக்காரர் வந்து “எங்க சிக்னல்தான் சார் ஸ்ட்ராங்” என்கிறார். அடுத்த நிலையத்துக்காரரும் அதையேதான் சொல்கிறார். இரண்டு பேருடைய வட்டமும் ஏன் வேறு வேறு அளவில் இருக்கிறது என்று கேட்க எங்கள் ஜவுளிக்கடைக்காரருக்குத் தெரியாது.

வட்டத்தைப் பற்றியும் கொஞ்சம். அந்தக் கோடு எந்த அளவில் போட்ட கோடு? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஸ்டீரியோவில் ஒழுங்காகக் கேட்க கிராமப்புறத்தில் 54, நகரத்தில் 66, பெருநகரத்தில் 74 டெசிபல் அளவு மின்புலம் வேண்டும். நகரத்தில் கூடுதலாக வேண்டுவதற்குக் காரணம் மோட்டார், வண்டி, மின்கம்பி என்று எல்லாம் கிளப்பும் இரைச்சல். 54க்கும் 74க்கும் நடுவில் மின்புலத்தில் பத்து மடங்கு வித்தியாசம். 54 கோட்டை வைத்து வட்டம் போட்டால் பெரிதாக வரும், 74 கோட்டை வைத்தால் சுருங்கும். பெரியதைப் போட்டு, அதற்குள் வரும் நகரங்களையும் எண்ணிக் காட்டினால் அது கணக்கே இல்லை.

அதைவிடப் பெரிய வேடிக்கை, அந்த அளவெல்லாம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டியவை. அதாவது மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடியில் கம்பம் நட்டு ஏரியல் கட்டிக் கேட்பவருக்கான கணக்கு. தமிழ்நாட்டில் பண்பலை கேட்க மாடியில் ஏரியல் கட்டிய வீடு எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? முப்பத்தைந்து வருடத்தில் நான் கட்டிக் கொடுத்தது இரண்டே இரண்டு. மற்றவர்கள் எல்லாம் அடுப்படி ஷெல்ஃபில், தையல் மிஷின் பக்கத்தில், தறிக்குழியில், சட்டைப் பையில் வைத்துக் கேட்பவர்கள். செல்போனில் கேட்பவருக்கு இயர்போன் ஒயர்தான் ஏரியல். இப்போது ஒயர் இல்லாத இயர்போன் வந்து அந்த ஏரியலும் போச்சு. செல்போனில் எஃப்.எம். வசதியை முடக்கி வைக்காதீர்கள் என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசே கம்பெனிகளுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. கேட்பவர் தரையோடு உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் மாடிக்குக் கணக்குப் போடுகிறீர்கள்.

ஒரே அலைவரிசை எண்ணைப் பல ஊரில் வைத்துக்கொண்டு, தமிழ்நாடு முழுக்க ஒரே நிலையம் மாதிரி பேசும் விளம்பரங்களும் உண்டு. நடுவழியில் காரில் போகிறவரிடம் கேட்டால் தெரியும். ஒரு ஊர் மங்கி, அடுத்த ஊர் தலைகாட்டும் இடத்தில், பண்பலை செட்டுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டில் எது வலுவோ அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். வண்டி ஒரு மேடு ஏறினால் அந்த ஊர்ப் பாட்டு, பள்ளம் இறங்கினால் இந்த ஊர் விளம்பரம். ‘நெட்வொர்க்’ என்று நீங்கள் சொல்வது உண்மையில் தனித்தனித் தீவுகள்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று டைரி கொடுத்து எண்ணும் ஏற்பாடு டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என்று நாலு ஊருக்குத்தான் வந்தது. மதுரையில் ஒரு தம்பி விளம்பரம் பிடிக்கப் போனால் கையில் காட்ட என்ன இருக்கிறது? தலைகளை எண்ண முடியாத இடத்தில் தரையை அளந்து காட்டுகிறார். வாட் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. இது உங்களுக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் “50,000 வாட்” என்று பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பெருமையடிப்பது இன்றுவரை உண்டு. 1934இல் சின்சினாட்டியில் டபிள்யூ.எல்.டபிள்யூ. என்ற நிலையம் 5,00,000 வாட் வைத்துக்கொண்டு ‘தேசத்தின் நிலையம்’ என்று தன்னை அழைத்துக்கொண்டது. ஐந்தே வருடத்தில் அந்த அனுமதி போய், திரும்பவும் 50,000க்கு வந்துவிட்டது. ஆனால் அதே நாட்டில், ஒவ்வொரு பண்பலை நிலையத்தின் எல்லைக்கோட்டையும் அரசு ஆணையம் போட்ட வரைபடத்தில் எவரும் பார்க்கலாம். விளம்பரக்காரர் சொல்வதைச் சரிபார்க்க ஒரு தாள் அங்கே இருக்கிறது. இங்கே கேள்வி கேட்பவரிடம் நீங்கள் நீட்டும் தாள்தான் ஒரே தாள்.

நேர்மையாகச் சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 28 அன்று அகில இந்திய வானொலி 91 ஊர்களில் 100 வாட் டிரான்ஸ்மிட்டர்களைத் தொடங்கியது. சேர்த்துக் கூடுதலாக 35,000 சதுர கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு ஏறக்குறைய 385. வட்டமாகப் போட்டால் ஆரம் 11 கிலோமீட்டர். 100 வாட்டுக்கு நம்பக்கூடிய கணக்கு. சமுதாய வானொலிகளுக்கும் அதே 100 வாட், 30 மீட்டர்க் கோபுரம்தான். சென்னையில் 2004இல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்து வானொலி 90.4இல் அந்த அளவு வீச்சை வைத்துக்கொண்டுதான் சுற்றுவட்டத்து மக்களுக்கு நிகழ்ச்சி செய்தது. எங்கே வரை கேட்கும் என்று தெரிந்தால், யாருக்காகப் பேசுகிறோம் என்பதும் தெரியும்.

அதனால் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வட்டத்தை விட்டுவிடுங்கள். ஊர்ப் பெயரைப் போடுங்கள். உசிலம்பட்டியில் கேட்கும், பாக்கெட் ரேடியோ என்றால் ஏரியலை முழுக்க நீட்ட வேண்டும் என்று போடுங்கள். கணவாய் தாண்டினால் நம்பிக்கை இல்லை என்று போடுங்கள். அப்படிப் போட்ட தாளோடு என் மைத்துனரிடம் வந்திருந்தால் அவர் விளம்பரமே கொடுத்திருக்க மாட்டார் என்று நினைப்பீர்கள். கொடுத்திருப்பார். உசிலம்பட்டியிலிருந்து தீபாவளிக்குத் துணி எடுக்க இங்கே வருபவர்கள் உண்டு. அவர்களைக் கூப்பிடுகிற மாதிரி விளம்பரத்தை எழுதியிருப்பார், அதற்கேற்ற காசு கொடுத்திருப்பார், அடுத்த வருடமும் கொடுத்திருப்பார். இப்போது ரேடியோ விளம்பரம் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறார்.

அப்புறம், டிரான்ஸ்மிட்டர் பழுதாகிப் பாதித் திறனில் ஓடும் நாட்கள் எல்லா நிலையத்துக்கும் உண்டு. அன்றைக்கு ஒலிபரப்பிலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள். “இன்று சில பகுதிகளில் தெளிவு குறைவாக இருக்கலாம்” என்று சொல்ல ஐந்து வினாடி போதும். இங்கே ஒரு பாட்டி செட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் பஸ் ஏறி என் கடைக்கு வருவது மிச்சம். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் யாராவது இதைப் படித்தால் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உரிமம் கொடுக்கும்போது திறன், உயரம், இடம் எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. நிலையம் வாரியாக ஒரு வரைபடம், மலை நிழலோடு, பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க முடியாதா?

கடைசியாக ஒரு அழைப்பு. உங்களில் யார் வேண்டுமானாலும் உங்கள் வட்டத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். தேனி பஸ் டிக்கெட் நான் எடுக்கிறேன். ஜன்னல் ஓரச் சீட்டு உங்களுக்கு. செட்டு ஒன்று நீங்கள் கொண்டுவாருங்கள், ஒன்று நான் கொண்டுவருகிறேன், பிறகு பேட்டரி, ஏரியல் என்று பேச்சு வரக்கூடாது. கணவாய் இறக்கத்தில் இரண்டாவது திருப்பம் வரை உங்கள் ஸ்டேஷனைப் போடுவோம். அதற்குப் பிறகு கோடையைப் போட்டுக்கொள்ளலாம், ஆண்டிபட்டி வரை பாட்டு கேட்டுக்கொண்டே வரலாம்.

இப்படிக்கு,
ஆண்டிபட்டி ரேடியோ மெக்கானிக்